அங்க அடையாளம்

பத்து வருஷம் படகுக்கு ஸ்ப்ரே அடித்தேன்
மண்டபம் தென்கரையில்.
வண்ணத்தைத் தூக்கி எறிவது காற்று;
விரல் வெறும் கதவு.
முதலில் பட்டி, பிறகு உப்புத்தாள்,
அழுகியதைப் பலகையே மறக்கும்வரை தேய்ப்பு.

கைமாறிய படகென்றால் பேர் மாற வேண்டும்.
'சவேரியார் துணை'யின் மேல்
மூன்று கோட்டிங் நீலம் அடித்து
'அல் அமீன்' எழுதினேன் ஒருமுறை.
மத்தியானம் பார்த்தால் ஒன்றும் தெரியாது.
சாயங்காலம் வெயில் படுத்துக்கொண்டு வரும்போது
சவேரியார் புடைத்துக்கொண்டு நிற்பார்.
வாங்கியவர் தடவிப் பார்த்துச் சிரித்தார்:
"இருக்கட்டும்ப்பா, அவரும் கூட வரட்டும்."

தின்னர் நெஞ்சில் ஏறி இருமல் வந்தது.
இப்போது கடை.
ஒரு ஃபேன், ஒரு கம்ப்யூட்டர், வெள்ளைத் திரை.
கம்ப்யூட்டருக்குள்ளும் அதே பேரில் ஒரு தூரிகை,
காற்றே இல்லாத ஏர்பிரஷ்.
பருவை எடுக்கும்,
மூக்குக் கண்ணாடியில் தங்கிய வெளிச்சத்தை எடுக்கும்,
பிரிந்துபோன மச்சானைக்
குடும்பப் படத்திலிருந்து எடுக்கும்.
அவர் கை மட்டும் ஒரு குழந்தையின் தோளில்
மிச்சமிருக்கும்.
அதற்குத் தனிக் காசு.

நேற்று ஒரு ரிசார்ட்டுக்காரர்
கடற்கரைப் படம் ஒன்று அனுப்பினார்.
'கடல் மட்டும் இருந்தால் போதும்.'
காயப்போட்ட பாசியை எடுத்தேன்.
கிழிந்த வலை, நாய், நீல டிரம்.
பிறகு தண்ணீரில் மூன்று பெண்கள்:
சேலை மேல் சட்டை, நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடி,
தோளில் சாக்கு.
இரண்டு பேர் இடுப்பளவில்,
ஒருத்தி மட்டும் ஏனோ உயரமாக.
பக்கத்து அலையைக் கிள்ளிக் கிள்ளி
அவர்கள்மேல் ஒற்றினேன்.
ஆளுக்கு ஒரு நிமிஷம்.

அது திரையில் இருக்கும்போதே
முனைக்காட்டு நம்புத்தாய் உள்ளே வந்தாள்.
பாஸ்போர்ட் சைஸ் ஆறு, ஒரு விண்ணப்பம்.
ரேஷன் கடை மெஷின் விரலை ஏற்கவில்லையாம்.
கட்டைவிரலை நீட்டினாள்.
பவளப்பாரும் பாசியும் முப்பது வருஷம் தேய்த்ததில்
ரேகை இல்லை.
பட்டி வைத்த பலகை மாதிரி வழவழப்பு.
"துணி சுத்தித்தான் எறங்குறோம்.
கடலு கேக்குதா?"
இத்தனை சுத்தமாக நான் ஒருநாளும் அடித்ததில்லை.

படம் எடுத்தேன்.
"கழுத்துல சொறி அடிச்ச தழும்பு இருக்குல்ல,
அத எடுத்துருங்க.
கவருமெண்டுக்குப் போற படம்,
நல்லாருக்கட்டும்."
இரண்டு சொடுக்கு. போயிற்று.

அப்போதுதான் பக்கத்து ஜன்னலில் கடலைப் பார்த்தாள்.
மூக்கு திரையில் முட்டக் குனிந்தாள்.
"நாங்க எறங்குற எடம்ல இது?
இங்கன ஒரு கல்லு கெடக்குமே,
அதுமேல ஏறித்தான் மூச்சு வாங்குவோம்.
கல்ல எங்க?"

தன்னைத் தேடவில்லை அவள்.
கல் இருந்ததே எனக்குத் தெரியாது;
காலோடு போயிருக்கும்.
"அலைக்குள்ள இருக்கும்க்கா."
"வத்தமாத்தான இருக்கு.
வத்தத்துல தெரியுமே."

விண்ணப்பத்தை நிரப்பினேன்.
தொழிலுக்கு நேரே பாசி என்று ஒரு கட்டமும் இல்லை;
கூலி என்று போட்டேன்.
அங்க அடையாளம் என்று ஒரு வரி
காலியாகக் காத்திருந்தது.
அவளை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.
'கழுத்தின் இடப்பக்கம் தழும்பு'
என்று அடித்தேன்,
தழும்பில்லாத படத்துக்குப் பக்கத்தில்.

அறுபது ரூபாய்.
பத்துப் பத்தாக, ஈரமாக, எண்ணி வைத்தாள்.
போகும்போதும் ஒருமுறை
கடலைத் திரும்பிப் பார்த்தாள்.

ரிசார்ட்டுக்காரர் ராத்திரி செய்தி அனுப்பியிருக்கிறார்:
'அருமை. ஆனால் தண்ணீரில்
மூன்று நிழல் நீளமாகக் கிடக்கிறது,
அதையும் பார்க்கவும்.'
சாயங்காலம் எடுத்த படம் போல.

இன்னும் பதில் போடவில்லை.
ஆறு நோட்டுகளையும்
ஃபேனுக்கு அடியில் காயப்போட்டிருக்கிறேன்.